கொல்லன் கணக்கு

கணக்கேட்டை இன்பத்துக்காகப் படிப்பவர் அரியர். பற்று, வரவு, பாக்கி என்று நீளும் வரிகளில் என்ன சுவை இருக்கப் போகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். பொருளாதார வரலாற்று வகுப்பிற்காக அமெரிக்க நாட்டுப் பழைய கொல்லர்களின் கணக்கேடுகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுத நேர்ந்தது. அந்நாட்டு நூலகங்கள் பல இவ்வேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் வைத்துள்ளன. மை மங்கிய எழுத்தும், எழுத்தறிவு குறைந்தவர்களின் விந்தையான எழுத்துக்கூட்டலும் முதல் வாரம் தலைவலியைத்தான் தந்தன. பிறகு நாவலைக் கீழே வைக்க மனமில்லாதவனைப் போல் ஆகிவிட்டேன். வகுப்புக் கட்டுரை முடிந்துவிட்டது; ஆனால் அதில் எழுத இடமில்லாமற் போன செய்திகளே மிகுதி. அவற்றை நம் சங்க மலரைப் படிக்கும் நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஊர்க் கொல்லன் ஏன் கணக்கு எழுதினான் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் நாணயப் புழக்கம் மிகக் குறைவு. ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் கடன்பட்டிருந்தார்கள். உழவன் கொல்லனுக்கும், கொல்லன் செருப்புத் தைப்பவனுக்கும், அவன் மறுபடி உழவனுக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். எழுதி வைக்காவிட்டால் யார் யாருக்கு எவ்வளவு என்பது யாருக்கும் நினைவிராது. இன்னொரு காரணமும் உண்டு. வழக்கில் கட்சிக்காரராக இருப்பவர் தம் வழக்குக்குத் தாமே சாட்சி சொல்ல அக்கால நீதிமன்றங்கள் இடம் தரவில்லை. ஆனால் அவருடைய கடைக் கணக்கேட்டை, அது உண்மையானது என்று அவர் சத்தியம் செய்தால், சான்றாக ஏற்றுக்கொண்டன. மனிதனின் வாய்க்கு இல்லாத மதிப்பு அவன் ஏட்டுக்கு இருந்தது! ஆகவே கூட்டல் தெரியாத கொல்லனும் தட்டுத்தடுமாறி எழுதிவைத்தான்.

முறையாக எழுதியவர்கள் இரண்டு ஏடுகள் வைத்திருந்தார்கள். அன்றன்று நடந்ததை நடந்தபடி எழுதுவது ஒன்று. நம் வணிகர் வழக்கில் சிட்டா. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, சிட்டாவிலிருந்து எடுத்து எழுதுவது மற்றொன்று, அது பேரேடு. பேரேட்டை விரித்தால் இடப்பக்கம் வாடிக்கைக்காரர் பெற்ற வேலைகளும், வலப்பக்கம் அவர் திருப்பித் தந்தவையும் இருக்கும். இடப்பக்கத்தைப் படித்தால் கொல்லன் தொழில் தெரியும். வலப்பக்கத்தைப் படித்தால் ஊரே தெரியும்.

கொல்லன் என்றால் வாளும் வேலும், அழகிய இரும்புக் கதவும் செய்பவன் என்று கதைகள் நம்மைப் பழக்கிவிட்டன. பேரேடு வேறு கதை சொல்கிறது. புதிதாக ஒன்றைச் செய்தான் என்று காணும் வரிகள் குறைவு. அறுந்த சங்கிலிக்கு ஒரு கண்ணி, ஒடிந்த கீலுக்கு ஒட்டு, தேய்ந்த கொழுவுக்குக் கூர், கழன்ற வண்டிப் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக லாடம், லாடம், லாடம்! சில பக்கங்களில் மேலிருந்து கீழ்வரை வேறொன்றும் இல்லை.

அந்த லாட வரிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. புது லாடம் அடித்தது ஒரு விலை. பழைய லாடத்தைக் கழற்றி மீண்டும் அடித்தது வேறு விலை. குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது. ஆறு அல்லது எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, தேயாதிருந்தால் அதே லாடத்தையே திரும்பவும் அடிப்பார்கள். ஆதலால் ஒரே குதிரை ஆண்டு முழுவதும் ஏட்டில் வந்துபோகும். பனிக்காலம் வந்தால் வேறு வகை வரி தோன்றும். உறைந்த பனியில் வழுக்காமலிருக்க லாடத்தின் அடியில் முளைகள் வைப்பார்கள். அவை மழுங்கியதும் கூராக்கித் தர வேண்டும். வேனிலில் கொழுவும், கோடையில் அரிவாளும் மண்வெட்டியும் வரும். தேதியை மறைத்துவிட்டு வேலையை மட்டும் காட்டினாலும் எந்தப் பருவம் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எருதுக்கும் லாடம் உண்டு. பிளவுபட்ட குளம்பாதலால் காலுக்கு இரண்டாக எருது ஒன்றுக்கு எட்டு லாடங்கள். குதிரை மூன்று காலில் நின்றுகொண்டு ஒரு காலைத் தூக்கிக் கொடுக்கும். எருது அப்படி நிற்காது. நம் நாட்டில் மாட்டைக் கீழே தள்ளிக் கால்களைக் கட்டிவைத்து லாடம் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மரச்சட்டம் ஒன்றில் மாட்டை நிறுத்தி, வயிற்றின் கீழ்த் தோல்பட்டை கொடுத்துத் தூக்கிவிடுவார்களாம். எட்டு லாடமும் இந்தப் பாடும் சேர்ந்ததுதான் எருதுக் கணக்கு.

கோடரியைப் பற்றிய வரிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. உருக்கு அன்று விலையுயர்ந்த பொருள். முழுக் கோடரியையும் உருக்கால் செய்வது கட்டாது. உடல் இரும்பாகவும் வாய் மட்டும் உருக்காகவும் செய்வார்கள். தீட்டித் தீட்டி உருக்கு வாய் தேய்ந்து போனால் கோடரியை எறிந்துவிடுவதில்லை. கொல்லனிடம் கொண்டுபோய்ப் புது உருக்கு வைத்து ஒட்டி, தோய்ச்சல் கொடுத்து வாங்கி வருவார்கள். கொழுவுக்கும் இவ்வாறே. வெறும் கூராக்குதலுக்கும் உருக்கு வைத்தலுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருப்பதன் காரணம் இதுதான். சில வரிகளில் இரும்பு வாடிக்கைக்காரருடையது என்றும் குறித்திருக்கும்; அப்போது உழைப்புக்கும் கரிக்கும் மட்டுமே விலை. பெரிய வேலைகளுக்கோ பவுண்டுக்கு இத்தனை பென்னி என்று நிறுத்தே விலை போட்டார்கள். இவற்றை ஒப்பிட்டால் விலையில் பொருள் எவ்வளவு, கை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. பொருளாதார மாணவனுக்கு இது புதையல்.

ஆனால் விலைகளை அப்படியே எடுத்து ஒப்பிடப் புகுந்தால் வழுக்கி விழ வேண்டியதுதான். ஷில்லிங் என்ற ஒரே சொல் ஊருக்கு ஒரு மதிப்புடையது. ஸ்பானிய வெள்ளி டாலர் ஒன்றுக்கு நியூ இங்கிலாந்தில் 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8, பென்சில்வேனியாவில் ஏழரை. காலமும் மாற்றும். மாசச்சூசெட்ஸ் அரசு அச்சிட்ட பழைய காகிதப் பணம் மதிப்பிழந்து டாலருக்கு 45 ஷில்லிங் என்ற நிலைக்கு இறங்கியது. 1750இல் அதனை விலக்கி, டாலருக்கு 6 ஷில்லிங் என்ற புதுக்கணக்கைக் கொண்டுவந்தார்கள். 1750க்கு முந்திய பக்கத்தையும் பிந்திய பக்கத்தையும் அறியாமல் ஒப்பிட்டால், லாடம் ஒரே இரவில் ஏழரை மடங்கு மலிந்துவிட்டது என்று முடிவு கட்ட நேரிடும்!

1792இல் டாலர், சென்ட் என்னும் பதின்மக் காசு முறை சட்டமாயிற்று. கொல்லன் உடனே மாறிவிட்டானா? இல்லை. பல ஆண்டுகள் ஷில்லிங்கிலேயே எழுதினான். சென்டில் எழுதத் தொடங்கிய பிறகும் ஷில்லிங்கிலேயே நினைத்தான். ஏட்டில் 17 சென்ட், 33 சென்ட் என்று வரும் விலைகள் வேறொன்றுமல்ல. ஒரு ஷில்லிங்கும் இரண்டு ஷில்லிங்கும்தாம். அடிக்கடி வரும் 12½ சென்ட் என்பது டாலரில் எட்டில் ஒன்றான ஸ்பானிய நாணயம். அதன் பாதி 6¼ சென்ட். இந்த ஸ்பானிய நாணயங்கள் 1857 வரை அந்நாட்டில் சட்டப்படி செல்லுபடியாயின. நமக்கு இது புதுமையன்று. 1957இல் நம் நாட்டில் நயா பைசா வந்தது. அதன் பிறகும் எத்தனை ஆண்டுகள் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொல்லிவந்தோம்! ஓரணாவுக்கு 6¼ பைசா என்பதும், அங்கே 6¼ சென்ட் என்பதும் ஒன்றாக அமைந்தது வேடிக்கையான பொருத்தம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குதிரைக்கு நான்கு புது லாடமும் அடிக்க ஒரு டாலரை ஒட்டி ஆயிற்று எனலாம். பண்ணையில் ஒரு நாள் உழைத்தவனுக்கு அந்த ஒரு டாலர் கிட்டவில்லை. குதிரை வைத்திருப்பது அன்று எத்தகைய செலவு என்பதை இதிலிருந்து உணரலாம். மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. ஒரே வேலைக்கு ஒரே விலை பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும். ஊர் வழக்கம் விதித்த விலை அது, சந்தை விதித்ததன்று என்பர் சிலர். வினிபிரெட் ராதன்பர்க் என்ற வரலாற்றாசிரியர் மாசச்சூசெட்ஸ் உழவர்களின் கணக்கேடுகளைத் திரட்டி ஆராய்ந்து, 1992இல் வெளியிட்ட நூலில், ஊர்களின் விலைகள் சந்தையின் போக்கில் ஒன்றோடொன்று இணைந்து நகர்ந்தன என்று வாதிட்டார். தானியத்துக்கும் கூலிக்கும் அவர் சொல்வது பொருந்தலாம். லாட விலையைப் பொறுத்தவரை வழக்கத்தின் பிடி வலிது என்றே எனக்குப் படுகிறது. தெரிந்தவனிடம், ஞாயிறுதோறும் கோயிலில் முகம் பார்ப்பவனிடம், எப்படி விலையை ஏற்றுவது?

வலப்பக்கத்துக்கு வருவோம். வேலைக்கு ஈடாக வந்தவை என்னென்ன? கரி இத்தனை புஷல், உருளைக்கிழங்கு, ஆப்பிள் மது, கன்றிறைச்சியில் கால் பங்கு, கொல்லனின் வயலில் ஒருநாள் உழுதது, அவன் பசுவைத் தன் மேய்ச்சல் நிலத்தில் விட்டது, பழைய இரும்பு. ரொக்கம் வருவது அரிது. சில வரிகளில் துணி நெய்தது, நூல் நூற்றது என்று வரும். நெய்தவள் மனைவி, வரவு எழுதப்பட்டிருப்பது கணவன் பெயரில். மணமான பெண்ணுக்குத் தனிச் சொத்துரிமை சட்டத்தில் இல்லாத காலம் அது. ஏட்டின் தலைப்பில் அவள் பெயரைத் தேடினால் கிடைக்காது.

இப்படி ஓடிய கடனுக்கு வட்டி இல்லை என்பது பொது வழக்கம். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழிந்தபின் இருவரும் உட்கார்ந்து கூட்டிக் கழித்து, இருவரும் கையெழுத்திடுவார்கள். மீதியைக் கட்டித் தீர்த்தார்களா என்றால் பெரும்பாலும் அதுவும் இல்லை. புதுப் பக்கத்தில் முதல் வரியாக ஏற்றிவிட்டு மறுபடியும் தொடங்குவார்கள். கணக்கை அடியோடு முடித்துக்கொள்வது உறவை முறித்துக்கொள்வதைப் போல அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இந்த உலகம் எப்படி மாறியது என்பதும் ஏட்டிலேயே தெரியும். டிராய் நகரத்து ஹென்றி பர்டன் என்பவர் 1835இல் லாடம் செய்யும் எந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1857இல் அவர் அமைத்த எந்திரம் நிமிடத்துக்கு 60 லாடங்களைத் தள்ளிற்று. ஊர்க் கொல்லன் அப்பொழுது ஆயத்த லாடத்தைப் பீப்பாய்க் கணக்கில் விலைக்கு வாங்கினான். காய்ச்சி வளைத்துக் குளம்புக்குப் பொருத்தி அடிப்பதே அவன் வேலையாயிற்று. ஆணியின் கதையும் இதுவே.

நம் ஊர்க் கொல்லருக்கு இப்படிப்பட்ட பேரேடு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கொல்லர் எழுதியதைக் காணோம். ஆனால் கொல்லரைப் பற்றி எழுதியது உண்டு. 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் செங்கற்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அதற்கு அடிப்படையாக ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகளும் கிடைத்துள்ளன. காந்தியரும் வரலாற்றாய்வாளருமான தரம்பால் இவற்றின் அருமையை எடுத்துக்காட்டினார். சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தினர் விரிவாக ஆராய்ந்தனர். அவற்றில் கொழு கூராக்க இத்தனை காசு என்ற வரி இராது. களத்தில் நெல்லைப் பங்கிடும்முன் கொல்லருக்கும் தச்சருக்கும் இவ்வளவு என்று எடுத்து வைக்கும் சுதந்திரமும், அவர்களுக்கு விட்டிருந்த மானிய நிலமுமே இருக்கும். அங்கே ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. இங்கே ஆண்டு முழுமைக்கும் ஒரு பங்கு. மழை பொய்த்தால் கொல்லர் பங்கும் சுருங்கும் என்பதை மறந்துவிட்டு இதைப் பொற்காலம் என்று புகழ எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஊரின் முதல் விளைவில் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்த கணக்கு அது.

இனி நான் சொல்லப்போகும் கணக்கு முற்றிலும் வேறு வகையானது. அதை எழுதியவர் அமெரிக்காவின் விடுதலைப் பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெபர்சன். அயலுறவு அமைச்சர் பதவியைத் துறந்து 1794இல் வர்ஜீனியாவிலுள்ள மாண்டிசெல்லோப் பண்ணைக்குத் திரும்பியவர், கொல்லுப் பட்டறையோடு ஆணிப் பட்டறை ஒன்றையும் தொடங்கினார். வேலை செய்தவர்கள் 10 முதல் 16 வயது வரை உள்ள சிறுவர்கள். எல்லாரும் அடிமைகள். பட்டறை நன்கு நடந்த நாளில் 8,000 முதல் 10,000 ஆணிகள் வரை செய்தார்கள். பண்ணை வீட்டு மளிகைக்கு ஆண்டுக்கு 400, 500 டாலர் ஆகிறது என்றும், ஒரு காலாண்டின் மளிகைக் கடனை அடைக்கும் அளவுக்கு இரண்டு வாரத்தில் ஆணி செய்துவிடுகிறேன் என்றும் 1795இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ‘செய்துவிடுகிறேன்’ என்ற தன்மை ஒருமையைக் கவனியுங்கள்.

அவருடைய ஆணிக் கணக்கேடு ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து வில்லியம் ஆண்ட்ரூஸ் கிளார்க் நூலகத்தில் இருக்கிறது. கொல்லன் தன் வாடிக்கைக்காரனைப் பற்றி எழுதினான். ஜெபர்சன் தம் பையன்களைப் பற்றி எழுதினார். காலையில் இவனுக்குக் கொடுத்த இரும்புக் கம்பி இத்தனை பவுண்டு, இவன் திருப்பித் தந்த ஆணி இத்தனை பவுண்டு, சேதம் இவ்வளவு, இவனால் நாளொன்றுக்குக் கிடைத்த ஆதாயம் இவ்வளவு. 1796இன் முதல் மூன்று மாதங்களில் ஐசக் என்ற இளைஞர் 47 நாட்களில் 507 பவுண்டு ஆணி அடித்தார். கம்பியை அவரைவிடக் குறைவாக வீணாக்கியவர் வேறு யாரும் இல்லை. அவரால் நாளொன்றுக்கு 85 சென்ட் ஆதாயம். 47 நாளுக்கு ஏறக்குறைய 40 டாலர். இதில் அவருக்குக் கூலி ஒன்றுமில்லை. முதுமையில், 1847இல், தம் நினைவுகளை ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தார் ஐசக். ஆணிப் பையன்களுக்கு வாரம் ஒரு பவுண்டு இறைச்சியும், ஒரு டசன் மீனும், வெல்லப்பாகும் மாவும் கிடைத்தன என்றும், நன்றாக வேலை செய்தவனுக்குச் சிவப்பு அல்லது நீலத் துணியில் ஓர் உடுப்பு தந்தார்கள் என்றும் அதில் சொல்கிறார்.

கம்பியை நிறுத்துக் கொடுத்து நிறுத்து வாங்கும் இடத்தில் ஒரு துண்டுக் கம்பி காணாமற் போனால் என்ன ஆகும்? 1803இல் ஒருவன் விளையாட்டாக மற்றவனின் கம்பியை ஒளித்துவைத்தான். இழந்தவன் சுத்தியலால் அவன் மண்டையில் அடித்துவிட்டான். அடிபட்டவன் பிழைத்துக்கொண்டான். அடித்தவனை வீட்டார் இனி ஒருபோதும் கேள்விப்படாத தொலைவுக்கு விற்றுவிடும்படி ஜெபர்சன் உத்தரவிட்டார். ஏட்டில் ‘சேதம்’ என்ற கட்டம் எவ்வளவு கனமானது என்பதை இதைப் படித்த பிறகே அறிந்தேன்.

ஆணிப் பட்டறையில் பயின்றவர்களில் ஜோசப் பாசெட் என்பவர் தேர்ந்த கொல்லரானார். 1807 முதல் 1826இல் ஜெபர்சன் இறக்கும்வரை கொல்லுப் பட்டறைக்கு அவரே தலைவர். அக்கம்பக்கத்து உழவர்கள் லாடத்துக்கும் கலப்பைக்கும் அங்கேதான் வந்தார்கள். பட்டறை ஈட்டியதில் ஆறில் ஒரு பங்கை அவர் வைத்துக்கொள்ள ஜெபர்சன் இடம் தந்திருந்தார். தாம் இறந்து ஓராண்டு கழிந்தபின் அவருக்கு விடுதலையும், பட்டறைக் கருவிகளும் தரும்படி உயிலும் எழுதினார். ஆனால் பாசெட்டின் மனைவி ஈடித்துக்கும் பிள்ளைகளுக்கும் உயிலில் இடமில்லை. ஜெபர்சன் விட்டுச்சென்ற கடனை அடைக்க 1827 ஜனவரியில் பண்ணையில் ஏலம் நடந்தது. ஈடித்தும் கடைசிக் குழந்தைகள் இருவரும் 505 டாலருக்குப் போயினர். ஐசக்கின் நாள் ஆதாயத்தால் வகுத்துப் பார்த்தேன்: 594 நாள் ஆணி. ஏலத்தில் எடுத்தவர் உறவினராதலால் அம்மூவரும் பிழைத்தனர். மற்றப் பிள்ளைகள் வெவ்வேறு கைகளுக்குப் போனார்கள்; அவர்களுள் 11 வயதுப் பீட்டரும் ஒருவன்.

பாசெட் விடுதலை பெற்று, பல ஆண்டுகள் பாடுபட்டுக் குடும்பத்தில் கூடியவரைச் சிலரை மீட்டுக்கொண்டு ஒஹாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் குடியேறினார். அங்கும் கொல்லுத் தொழிலே செய்தார். அந்த ஊரில் அவர் அடித்த லாடத்துக்கு வந்த கூலியில் ஆறில் ஆறு பங்கும் அவருடையது.